நன்றிக்கும் நடுவுநிலைக்கும் இடையே

பொருள் கொடுத்து ஒருவரை விலைக்கு வாங்குதல் எல்லாரும் அறிந்த குற்றம். கொடுத்தவரையும் இசைந்தவரையும் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது, பழிக்க ஊர் இருக்கிறது. ஆனால் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு அவைக்குச் சென்ற ஒருவர், எவரிடமும் கையூட்டுப் பெறாதவர், தம் வீட்டுக்கென்று ஒரு காசும் எடுத்துக்கொள்ளாதவர், தேர்தல் செலவுக்காகப் பலரிடமும் முறைப்படி நன்கொடை வாங்கி அதற்குக் கணக்கும் எழுதி வைத்தவர், எந்த நாளில் எதனால் தம் கடமையிலிருந்து விலகத் தொடங்குகிறார் என்று கேட்டால் விடை எளிதில் கிடைப்பதில்லை. தீயவர் கெடுவதை விளக்க நூல்கள் வேண்டியதில்லை. நல்லவர் கெடும் வழியைத்தான் ஆராய வேண்டியிருக்கிறது. அந்த வழி பெரும்பாலும் அவரிடமுள்ள நற்குணம் ஒன்றின் ஊடாகவே செல்கிறது.

அந்த நற்குணம் செய்ந்நன்றி மறவாமை. திருக்குறளின் அறத்துப்பாலில் செய்ந்நன்றியறிதல் பதினோராம் அதிகாரம். அதை அடுத்து நிற்பது நடுவுநிலைமை. இந்த வரிசைக்குப் பரிமேலழகர் ஒரு காரணம் கூறுகிறார். ஒருவர் நமக்குச் செய்த உதவியை நினைக்கும் பொழுதில் நம் நடுவுநிலை குலைய இடமுண்டு. அங்கும் அது குலையலாகாது என்று உணர்த்தவே அவ்வதிகாரம் இதன்பின் வைக்கப்பட்டது என்பது அவர் கருத்து. பகையால் தவறுவோம் என்றோ பேராசையால் தவறுவோம் என்றோ அவர் அங்கே எச்சரிக்கவில்லை. உதவியவரின் முகத்தைக் காணும்போது தவறுவோம் என்கிறார். தேர்தல் நிதியும் கட்சிக் கணக்கும் இல்லாத காலத்து உரையாசிரியர் ஒருவர் இக்காலத்து அவைகளின் நோயை இவ்வளவு நெருங்கித் தொட்டிருக்கிறார்.

அமெரிக்க நாட்டில் 1987ஆம் ஆண்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி இவ்வுண்மைக்குச் சான்றாக நிற்கிறது. அரிசோனா மாநிலத்தில் வீடு கட்டி விற்கும் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய சார்லஸ் கீட்டிங் என்பவர், 1984இல் தம் அமெரிக்கன் கான்டினென்டல் நிறுவனத்தின் வழியாகக் கலிபோர்னியாவிலிருந்த லிங்கன் சேமிப்பு நிறுவனத்தை வாங்கினார். எளிய குடும்பங்களின் சேமிப்பைப் பெற்று வீடு கட்டக் கடன் கொடுப்பதற்கென்று ஏற்பட்டவை அவ்வகை நிறுவனங்கள். மக்களின் வைப்புத்தொகைக்கு அரசின் காப்பீடு உண்டு. அவற்றின் மீதிருந்த கட்டுப்பாடுகள் தளர்ந்திருந்த காலம் அது. பிறருடைய பணம், அரசின் பொறுப்பு, தம்முடைய துணிவு என்ற மூன்றையும் சேர்த்துக்கொண்டு, நிலத்திலும் இடர்மிகுந்த பத்திரங்களிலும் கீட்டிங் முதலீடு செய்தார். அந்நிறுவனங்களைக் கண்காணித்த வாரியத்தின் தலைவர் எட்வின் கிரே என்பவர் இத்தகைய முதலீடுகளுக்கு எல்லை வகுத்தார். லிங்கன் அவ்வெல்லையைத் தாண்டியிருந்தது. சான் பிரான்சிஸ்கோவிலிருந்த அதிகாரிகள் அதன் கணக்குகளை ஆராயத் தொடங்கினர்.

1987 ஏப்ரல் 2ஆம் நாள் கிரேயை மேலவை உறுப்பினர் ஒருவரின் அறைக்கு அழைத்தார்கள். உதவியாளர் எவரையும் உடன் அழைத்து வரவேண்டாம் என்பது ஏற்பாடு. அங்கே நான்கு உறுப்பினர்கள் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 9ஆம் நாள், சான் பிரான்சிஸ்கோ அதிகாரிகளை வரவழைத்தபோது ஐவர் இருந்தார்கள். ஆலன் கிரான்ஸ்டன், டென்னிஸ் டிகான்சினி, ஜான் கிளென், ஜான் மெக்கெய்ன், டொனால்ட் ரீகல் என்ற அந்த ஐவருடைய தேர்தல்களுக்கும் அவர்கள் சார்ந்த அமைப்புகளுக்கும் கீட்டிங்கும் அவரைச் சேர்ந்தவர்களும் திரட்டிக் கொடுத்தது ஏறத்தாழ 13 லட்சம் டாலர். ஆய்வு ஏன் இவ்வளவு நீள்கிறது, இந்த நிறுவனத்தை ஏன் இவ்வளவு வருத்துகிறீர்கள் என்பதே அவர்கள் கேட்ட கேள்விகளின் சாரம். கேள்விகள் பணிவானவை, சட்டத்துக்குப் புறம்பான கட்டளை எதுவும் இல்லை. ஆனால் நாட்டின் மேலவை உறுப்பினர் ஐந்து பேர் ஒரே அறையில் அமர்ந்து ஓர் அதிகாரியிடம் ஒரு தனியாரைப் பற்றிக் கேட்கும்போது, அந்த அறையின் அமைப்பே ஒரு கட்டளையாகிவிடுகிறது.

அவர்கள் யார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 1962இல் விண்கலத்தில் ஏறிப் புவியைச் சுற்றிவந்த முதல் அமெரிக்கர் கிளென். மெக்கெய்ன், வியட்நாம் போரில் சிறைப்பட்டு, படைத்தலைவரின் மகன் என்பதால் முன்னதாக விடுதலை தர எதிரிகள் முன்வந்தபோதும், தமக்கு முன் சிறைப்பட்டவர்கள் இருக்கத் தாம் போவதில்லை என்று மறுத்து, ஐந்தாண்டுகளுக்கு மேல் துன்புற்றவர். உடலை முறித்தும் வளைக்க முடியாத மனிதர் அவர். கீட்டிங் அவருக்கு நன்கொடையாளர் மட்டும் அல்லர்; நண்பர். அவருடைய விமானத்தில் மெக்கெய்ன் குடும்பத்தினர் பஹாமா தீவுகளுக்கு விடுமுறைக்குச் சென்று வந்ததும் உண்டு. அந்தக் கூட்டங்களுக்குச் சில நாள் முன்பு, தாம் விரும்பிய அளவுக்கு மெக்கெய்ன் துணியவில்லை என்று கீட்டிங் இழித்துப் பேச, இருவருக்கும் பூசல் மூண்டு நட்பு முறிந்துவிட்டது. நட்பு முறிந்த பின்னும் மெக்கெய்ன் அவ்விரு கூட்டங்களுக்கும் சென்றார் என்பதுதான் என் சிந்தனையை மிகுதியும் நிறுத்திவைக்கும் இடம். அன்பு போய்விட்டது; கடன் போகவில்லை. தம் மாநிலத்துத் தொழிலதிபர் ஒருவருக்காகப் பேசுவது உறுப்பினரின் கடமையே என்று அவர் தமக்குச் சொல்லிக்கொண்டிருக்கலாம். நன்கொடை தன்னை நன்கொடையாகக் காட்டிக்கொள்வதில்லை. அது மனத்துக்குள் நுழைந்தபின் கடமை என்ற உடையையும் நியாயம் என்ற உடையையும் அணிந்துகொள்கிறது; அணிந்திருப்பவருக்கே அது தெரிவதில்லை.

இரண்டாம் கூட்டத்தில், லிங்கன் நிறுவனத்தின் மீது குற்றவியல் விசாரணைக்குப் பரிந்துரைக்கப் போவதாக அதிகாரிகள் தெரிவித்தார்கள். அச்சொல்லைக் கேட்டபின் மெக்கெய்ன் விலகிக்கொண்டார். மற்றவருள் சிலர் விலகவில்லை. அந்தக் கோடையில் கிரேயின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்து வந்தவர் காலத்தில் லிங்கனை ஆராயும் பொறுப்பு சான் பிரான்சிஸ்கோ அதிகாரிகளின் கையிலிருந்து எடுக்கப்பட்டது. 1989 ஏப்ரலில் நிறுவனம் சரிந்து அரசின் கைக்கு வந்தபோது பொதுக் கருவூலத்துக்கு நேர்ந்த இழப்பு 200 கோடி டாலரைத் தாண்டியது. அதைவிடக் கொடியது வேறொன்று. இடைப்பட்ட அந்த ஆண்டுகளில், லிங்கனின் கிளைகளுக்கு வைப்புத்தொகையைப் புதுப்பிக்க வந்தவர்களிடம், தாய் நிறுவனத்தின் காப்பீடற்ற கடன் பத்திரங்களை விற்றிருந்தார்கள். வாங்கியவர்கள் ஏறத்தாழ 23,000 பேர். அவர்களுள் பலர் முதியவர்கள். உழைத்து ஓய்ந்து, இருக்கும் சேமிப்பைக் கொண்டு எஞ்சிய நாளைக் கழிக்க எண்ணியவர்கள். அந்த அறையில் கேட்கப்பட்ட பணிவான கேள்விகளின் விலையை அவர்களும் செலுத்த நேர்ந்தது.

பாரதக் கதையில் கர்ணனை நாம் எவரும் வெறுப்பதில்லை. அறம் எந்தப் பக்கம் என்பதை அறிந்தும், ஊர் இகழ்ந்த நாளில் தன்னைத் தாங்கிய நண்பனுக்காக மறுபக்கம் நின்றான். தமிழ் மனம் அவனுக்காகக் கண்ணீர் விடுவதை இன்னும் நிறுத்தவில்லை. ஆனால் கர்ணன் தன் கடனைத் தீர்த்தது தன் குருதியால். கொடுக்கத் தனக்கு உரிமையுள்ள பொருளைக் கொடுத்தான். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் தம் நன்கொடையாளருக்குக் கைம்மாறு செய்ய எண்ணும்போது எடுத்துக் கொடுப்பது எதை? அவருடைய சொல்லின் வலிமை, அவர் வகிக்கும் பதவியிலிருந்து பிறந்தது. அந்தப் பதவி மக்கள் ஒப்படைத்தது. தம்முடையதல்லாத ஒன்றைக் கொண்டு தம் நன்றிக்கடனைத் தீர்ப்பவரை நன்றியுள்ளவர் என்று சொல்லலாகாது. அவர் பிறர் களஞ்சியத்திலிருந்து வள்ளல்தன்மை காட்டுபவர். தனிவாழ்வில் தலையாய அறமாக விளங்கும் ஒன்று பொதுவாழ்வில் இடம் மாறி நிற்கும்போது இவ்வாறு தீங்காகிவிடுகிறது.

நன்கொடையால் வாக்கு விலைபோகிறது என்று பொதுவாகப் பேசுகிறோம். அது எப்போதும் மெய்ப்பதில்லை; அவையில் எழுந்து நின்று ஆம் என்பதும் இல்லை என்பதும் ஊரறியும் செயல், அங்கே கட்சியின் கட்டுப்பாடும் கொள்கையும் வந்து நிற்கின்றன. நன்கொடை முதலில் வாங்குவது நேரத்தை. ஜோஷுவா கல்லா, டேவிட் ப்ரூக்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அமெரிக்க மக்களவை உறுப்பினர்களின் 191 அலுவலகங்களுக்கு ஒரே பொருள் பற்றிய வேண்டுகோள் போயிற்று. சில அலுவலகங்களுக்கு வருபவர்கள் தொகுதி மக்கள் என்று மட்டும் சொல்லப்பட்டது. வேறு சிலவற்றுக்கு அவர்கள் நன்கொடை அளித்தவர்கள் என்று சொல்லப்பட்டது. நன்கொடையாளர் என்று அறிந்த இடங்களில், உறுப்பினரோ அவருடைய மூத்த அதிகாரியோ நேரில் வந்து கேட்டது மூன்று நான்கு மடங்கு மிகுதியாக இருந்தது. யாரும் எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை. கதவு மட்டும் சற்று விரைவாகத் திறந்தது.

இதைச் சிறிய செய்தி என்று கருதுபவர் ஒரு மனிதரின் அறிவு எவ்வாறு உருவாகிறது என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. நாளெல்லாம் யாருடைய துன்பத்தைக் கேட்கிறோமோ அவருடைய துன்பமே உலகின் துன்பமாகத் தோன்றும். புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அமெரிக்க மக்களவை உறுப்பினர்களுக்கு அவர்களின் கட்சிக் குழு வகுத்துக் கொடுத்த அன்றாட அட்டவணை ஒன்று 2013இல் வெளியாயிற்று. நாளில் நான்கு மணி நேரம் தொலைபேசியில் நன்கொடை வேண்டிப் பேச ஒதுக்கியிருந்தார்கள். இருபது ஆண்டுகள் இவ்வாறு வாழ்ந்தவரின் காதில் விழுந்த குரல்கள் யாருடையவை என்று கணக்கிட்டுப் பாருங்கள். அவர் பொய் சொல்லமாட்டார்; தாம் மனச்சான்றுப்படியே நடந்ததாகச் சொல்லுவார். அந்த மனச்சான்று எத்தகைய கூட்டுறவில் வளர்ந்தது என்பதை மட்டும் அறியமாட்டார்.

ஐவர் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. மேலவையின் ஒழுக்கக் குழு பல வாரங்கள் விசாரித்தது. 1991 நவம்பரில் கிரான்ஸ்டன் கடுமையாகக் கண்டிக்கப்பட்டார். கீட்டிங்கிடம் அவர் கேட்டுப் பெற்ற பெருந்தொகையின் பெரும்பகுதி, வாக்காளர் பதிவை வளர்க்கும் அமைப்புகளுக்குச் சென்றதே தவிர அவர் பைக்குச் செல்லவில்லை. அவையில் அவர் எழுந்து, தாம் செய்தது மற்றவர் செய்வதிலிருந்து வேறுபட்டதன்று என்ற பொருளில் பேசினார். அது சினத்தை எழுப்பிற்று. ஆனால் அச்சொல்லில் உண்மை இல்லாமல் இல்லை, அதனாலேயே அது வலித்தது என்று நினைக்கிறேன். டிகான்சினியும் ரீகலும் அடுத்த தேர்தலில் நிற்கவில்லை. கிளெனும் மெக்கெய்னும் சீர்தூக்கிப் பார்க்கத் தவறியவர்கள் என்ற அளவில் விடுவிக்கப்பட்டார்கள். மெக்கெய்ன் அக்கூட்டங்களுக்குச் சென்றதைத் தம் வாழ்வின் பெரும்பிழை என்று பின்னாளில் சொன்னார். அதைச் சொல்வதோடு நிற்காமல், கட்சிகளுக்கு வரம்பின்றிப் பாய்ந்த பெருநிதியை அடைக்கும் சட்டத்துக்காக மாற்றுக் கட்சியைச் சேர்ந்த ரசல் ஃபைன்கோல்டுடன் ஆண்டுக்கணக்கில் போராடி 2002இல் அதை நிறைவேற்றினார். எட்டாண்டுகள் கழித்து, 2010 ஜனவரியில், நிறுவனங்கள் தேர்தலின் பொருட்டுத் தனித்துச் செய்யும் செலவுக்குத் தடை கூடாது என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, அச்சட்டத்தின் ஒரு முதன்மைப் பகுதியை நீக்கிவிட்டது. 2018இல் மெக்கெய்ன் மறைந்தபோதும் வாழ்க்கைக் குறிப்புகளில் கீட்டிங்கின் பெயர் இடம்பெற்றது. ஹனோய்ச் சிறையின் ஐந்தாண்டுகளுக்கு அருகே, ஏப்ரல் மாதத்து இரண்டு நாள்களும் எழுதப்பட்டன.

அந்த ஐவர் அமர்ந்திருந்த அதே மேலவையில், அதே 1987இல், வங்கிகள் தொடர்பான குழுவுக்குத் தலைவராக இருந்தவர் விஸ்கான்சின் மாநிலத்து வில்லியம் பிராக்ஸ்மயர். 1976, 1982 ஆகிய இரு தேர்தல்களிலும் அவர் எவரிடமும் நன்கொடை பெறவில்லை. ஒவ்வொன்றிலும் அவர் தம் கைப்பணத்திலிருந்து செலவிட்டது 200 டாலருக்கும் குறைவு, அதிலும் ஒரு பகுதி வந்த நன்கொடைகளைத் திருப்பி அனுப்பிய அஞ்சல் செலவு. வங்கி முதலாளிகள் எவருக்கும் அவர் கடன்பட்டிருக்கவில்லை. எல்லாராலும் இது இயலுமா என்றால் இயலாது. அவர் இருபதாண்டுகள் சந்தைகளிலும் விளையாட்டுத் திடல்களின் வாயிலிலும் நின்று மக்களின் கைகளைப் பற்றிப் பேசிப் பெற்ற அறிமுகம் முதல் தேர்தலில் நிற்கும் இளைஞருக்கு இல்லை. ஆயினும் இயலாது என்ற சொல்லை முதலிலேயே சொல்லிவிட்டு அதன் நிழலில் இளைப்பாறுவோருக்கு அவர் வாழ்வு ஒரு மறுப்பு.

நம் நாட்டிலும் இக்கேள்வி விடுதலைக்குப் பின் விரைவிலேயே எழுந்தது. 1957இல் டாட்டா இரும்பு எஃகு நிறுவனம், அரசியல் கட்சிகளுக்கு நிதி வழங்கத் தன் அமைப்பு விதியை மாற்ற இசைவு கேட்டபோது, பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். சி. சாக்ளா சட்டப்படி இசைவளித்தார். அளிக்கும்போதே, இது மக்களாட்சியின் குரல்வளையைப் பிடிக்கக்கூடும் என்று நாடாளுமன்றத்துக்கு எச்சரிக்கையும் விடுத்தார். தஞ்சை மண்ணில் பிறந்த கே. சந்தானம் தலைமையில் அமைந்த ஊழல் தடுப்புக் குழு 1964இல் அளித்த அறிக்கை, நிறுவனங்கள் கட்சிகளுக்கு நிதி தருவதை முற்றாகத் தடை செய்யக் கோரியது. 1969இல் தடை வந்தது, 1985இல் நீங்கியது. 2018இல் தேர்தல் பத்திரங்கள் வந்தன. அதற்கு முன்னரே, ஒரு நிறுவனம் தன் மூன்றாண்டுச் சராசரி ஈட்டத்தில் 7.5 விழுக்காட்டுக்கு மேல் தரலாகாது என்ற எல்லை எடுக்கப்பட்டிருந்தது. அப்பத்திரங்களின் வழியே கொடுத்தவர் யார் என்பது வாக்காளருக்குத் தெரியாதிருந்தது. பெற்றவருக்குத் தெரியாமல் போக வழியில்லை. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக அத்திட்டத்தை நீக்கினார்கள். நன்கொடை, கொடுப்பவருக்கு ஆட்சியாளரின் அருகே ஓர் இருக்கையைப் பெற்றுத் தருகிறது என்பது அத்தீர்ப்பு ஏற்ற காரணங்களுள் ஒன்று. அதன்பின் வெளியான பட்டியலில் எல்லாத் திசையிலும் பணம் பாய்ந்திருந்தது. மிகப் பெரும்பங்கு நடுவண் அரசை ஆண்ட பாரதிய ஜனதா கட்சிக்கு. பத்திரம் வாங்கியவர்களுள் முதலிடத்தில் நின்றது கோவையைச் சேர்ந்த ஒரு பரிசுச்சீட்டு நிறுவனம், 1,368 கோடி ரூபாய். அதில் 509 கோடி தி.மு.க.வுக்கு வந்திருந்தது. மாநிலத்துக்கு மாநிலம் ஆள்பவரின் பக்கம் அந்த அன்பு சாய்ந்திருந்ததைக் கண்டபின், கொள்கைப் பற்றினால் கொடுத்தார்கள் என்று நம்பக் குழந்தைகளாலும் இயலாது. மார்க்சிஸ்ட் கட்சி அப்பத்திரங்களை ஏற்பதில்லை என்று விலகி நின்றதையும், வழக்குத் தொடுத்தவர்களுள் ஒருவராக வந்ததையும் இங்கே சொல்லாமல் விடுவது நடுவுநிலையாகாது.

சட்டம் செய்யத்தக்கது உண்டு. எல்லை வகுக்கலாம், பெயரை வெளியிடச் செய்யலாம். ஆனால் உதவியவரின் முகம் கண்டு மனம் நெகிழும் அந்த நொடியில் சட்டம் உள்ளே வந்து நிற்பதில்லை; அங்கே ஒருவருக்குத் துணை அவரது பயிற்சி ஒன்றே. தமக்குப் பொருள் கொடுத்தவரைப் பற்றிய கோப்பு தம் மேசைக்கு வரும்போது வேறொருவரிடம் ஒப்படைத்துவிடுதல். அவர் வந்து பேசினால் வந்ததையும் பேசியதையும் எழுதி வைத்தல். அவரை ஒரு நாழிகை கேட்டால், அவரால் பாதிக்கப்படக்கூடியவரைத் தேடிச் சென்று இரு நாழிகை கேட்டல். இவை கடினமானவை அல்ல. நாளும் செய்யாவிட்டால், வேண்டிய நாளில் கைவராதவை. தேவை இல்லாத சிறிய நேரங்களில் இல்லை என்று சொல்லிப் பழகாத நா, பெரிய நேரத்தில் அச்சொல்லைத் தேடிக் காணாது திகைக்கும். அறுபது வயதில் ஒருவர் தடுமாறுவதன் வேர் அவர் முப்பது வயதில் மறுக்காது ஏற்ற ஒரு விருந்தில் கிடக்கக்கூடும்.

இவ்வளவு சொன்னபின் மக்களைப் பற்றிச் சொல்லாமல் முடிப்பது முறையன்று. நன்கொடை ஏன் இவ்வளவு வேண்டியிருக்கிறது என்று வேட்பாளரைக் கேட்டால் அவர் நம் தெருவைக் காட்டுவார். தமிழ்நாட்டில் 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017 ஏப்ரலில் சென்னை இராதாகிருஷ்ணன் நகரிலும், 2019இல் வேலூரிலும் பணம் புழங்கியதன் காரணமாகத் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. வாக்குக்குப் பணம் பெற்றவர்களை ஒழுக்கமற்றவர்கள் என்று கடந்துபோவது எளிது. ஊர்ப்புறத்தில் அவர்களோடு பேசிப் பார்த்தால் கேட்பது வேறு: கை நீட்டி வாங்கிவிட்டோம், மாற்றிப் போட்டால் அது பாவம் என்பார்கள். சூடம் ஏற்றிச் சத்தியம் வாங்கும் வழக்கமும் இந்த நேர்மையை நம்பித்தான் வந்தது. வாங்கிய பணத்துக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்று நினைக்கும் ஒரு மூதாட்டியும், நட்பு முறிந்த பின்னும் கூட்டத்துக்குச் சென்ற அந்த மேலவை உறுப்பினரும் ஒரே நற்குணத்தால் பிடிக்கப்பட்டவர்கள். அவளுக்கு வந்த தாள்கள் எந்த ஒப்பந்தக்காரரிடமிருந்து புறப்பட்டன, எந்தச் சாலையின் கனத்திலிருந்தும் எந்தப் பள்ளியின் கூரையிலிருந்தும் அவை ஐந்தாண்டுக்குள் திரும்ப எடுக்கப்படும் என்பதை அவளுக்கு எவரும் கணக்குப் போட்டுக் காட்டுவதில்லை. காட்டினால், அவள் தன் கடன் யாருக்கு என்பதை நம்மைவிட விரைவாகத் தீர்மானிப்பாள்.